திட்டம் போடுவதா, நேரே இறங்குவதா? முதல் படைப்பு வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாவலோ குறும்படமோ ஸ்வெட்டரோ மண் ஜாடியோ, முதன்முதலாக ஒன்றைச் செய்யப்போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், இரண்டு அறிவுரைகள் வந்து விழும். "ஆழம் தெரியாமல் காலை விடாதே, முதலில் திட்டம் போடு" என்பார் ஒருவர். "யோசித்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது, இன்றைக்கே ஆரம்பி" என்பார் அடுத்தவர். இருவரும் அனுபவசாலிகள்தான். ஆனால் அவரவர் கைப்பட்ட பொருளுக்கு எது சரிவந்ததோ அதைத்தான் சொல்கிறார்கள். கதை எழுதுகிறவரின் யோசனையைத் துணி வெட்டுகிறவர் கேட்டு நடந்தால் துணி வீண்.

இரண்டு வழியிலும் போய் முட்டிக்கொண்ட பிறகு எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: "நான் திட்டமிடுகிற ஆளா, இறங்குகிற ஆளா" என்று உங்களையே ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். கையில் உள்ள வேலையைப் பாருங்கள். எந்த இடத்தைத் தாண்டினால் திரும்பி வர முடியாது? அந்த இடங்களுக்குத் திட்டம் போடுங்கள். மீதி எல்லாவற்றிலும் தைரியமாக இறங்கலாம். கீழே உள்ள படிகள் இந்தக் கணக்கில் வரிசைப்படுத்தியவை.

1. திரும்ப முடியாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் உங்கள் வேலையின் கட்டங்களைத் தோராயமாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, "தப்பானால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்குப் பதில் எழுதுங்கள். "அழித்துவிட்டு மறுபடி செய்யலாம்" என்று வந்தால் விட்டுவிடுங்கள். "பொருள் போச்சு", "பணம் போச்சு", "இன்னொருவர் நேரம் போச்சு" என்று வந்தால் வட்டம் போடுங்கள்.

கதையின் முதல் வரைவில் வட்டமே வராது. எழுதிய பக்கத்தைத் தூக்கிப் போட்டால் நட்டம் உங்கள் மாலைப்பொழுது மட்டும். எண்ணெய் வண்ண ஓவியமும் ஓரளவு மன்னிக்கும். சுரண்டலாம், மேலே பூசலாம். நீர்வண்ணம் அப்படியல்ல. அதில் வெள்ளை என்பது பெரும்பாலும் தாளின் வெள்ளைதான். ஒளி விழும் இடத்தில் அழுத்தமான நிறம் ஏறிவிட்டால் பழைய வெள்ளையை மீட்பது அரிது. ஆகவே எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டும் என்பதைத் தூரிகை நனைவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரே வேலைக்குள் இரண்டு வகையும் கலந்தே இருக்கும். ஸ்வெட்டர் பின்னுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னலைப் பிரிக்கலாம், எத்தனை வரிசையானாலும் பிரிக்கலாம். ஆனால் நூல் வாங்குவது அப்படியல்ல. சாயமேற்றிய நூல் தொகுதி தொகுதியாக வருகிறது, உறையில் தொகுதி எண் இருக்கும். பாதியில் நூல் தீர்ந்து அதே நிறத்தை வேறு தொகுதியிலிருந்து வாங்கினால், கடையில் ஒன்றுபோலத் தெரிந்தது மார்பின் குறுக்கே பட்டையாகத் தெரியும். ஆகவே நூல் வாங்குவதற்குத் திட்டம், பின்னுவதற்குத் துணிச்சல்.

பெரிய வேலைகளும் இந்தக் கேள்விக்குத் தப்புவதில்லை. சிட்னி ஓப்ரா ஹவுஸின் கட்டுமானம் 1959-இல் தொடங்கியபோது அந்தக் கூரையை எப்படிக் கட்டுவது என்பதே முடிவாகியிருக்கவில்லை. கூரையின் எடைக்குப் போதாத அடித்தளத் தூண்களைப் பிறகு திருத்திக் கட்ட வேண்டிவந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று மதிப்பிட்டது 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்து, 1973-இல் திறந்தார்கள். கட்டடம் அற்புதம்தான், மறுக்கவில்லை. உங்களுக்குப் பின்னால் ஓர் அரசாங்கம் நின்றால் நீங்களும் அப்படிச் செய்யலாம்.

2. சிறு துண்டு ஒன்றில் முதலில் இறங்குங்கள்

எதையும் அறியாமல் போடும் திட்டம் வெறும் ஊகம். அதனால் திட்டத்துக்கு முன்பே ஒரு சின்னச் சோதனை. எழுத்தென்றால் ஒரு காட்சி. படமென்றால் ஒரு நிமிடம், அதையும் கைபேசியில் எடுங்கள். தையலென்றால் மலிவுத் துணியில் ஒரு மாதிரி உடுப்பு.

பின்னலில் இந்தச் சோதனைக்கு ஒரு முறையே இருக்கிறது. 10 செ.மீ.க்குச் சற்றுப் பெரிய சதுரம் ஒன்றைப் பின்னி, துவைத்து, காயவைத்து, பிறகு அளக்க வேண்டும். வடிவக் குறிப்பில் 10 செ.மீ.க்கு 22 தையல் (பின்னல் கண்ணி) என்று இருக்கிறது. உங்கள் கைக்கு 20-தான் வருகிறது என்று வையுங்கள். பார்வைக்கு அற்ப வித்தியாசம். ஆனால் 100 செ.மீ. சுற்றளவுக்காக 220 தையல் போட்டுத் தொடங்கினால் உங்களுக்குக் கிடைப்பது 110 செ.மீ. முழு ஸ்வெட்டரும் தொளதொளவென்று தொங்கும். துவைக்காமல் அளப்பவர்களும் ஏமாறுவார்கள், சில நூல்கள் தண்ணீர் பட்டதும் தளர்ந்து கொடுக்கும்.

சோதனையில் நேரத்தையும் அளந்துவிடுங்கள். அனிமேஷன் செய்ய ஆசைப்படுபவர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நொடிக்கு 24 பிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் 24 அசையாப் படங்கள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படங்கள் வரைய வேண்டும். ஐந்து நிமிடப் படம் என்றால் 3,600. சோதனையில் ஒரு படத்துக்கு 20 நிமிடம் பிடித்தால் மொத்தம் 1,200 மணி நேரம்; தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 600 நாட்கள். அதே கதையை 45 நொடிக்குச் சுருக்கினால் 540 படங்கள், 90 நாட்கள். இந்த முடிவை முதல் வாரமே எடுத்துவிட்டால் வலிக்காது. இரண்டாம் ஆண்டில் எடுத்தால் படமே நின்றுபோகும்.

சோதனையில் இரண்டு பொறிகள். ஒன்று, உங்களுக்கு எளிதான பகுதியையே சோதித்துப் பார்த்துத் திருப்திப்படுவது. முகம் நன்றாக வரும் என்று தெரிந்தவர் முகத்தையே வரைந்து பார்ப்பார், சிக்கல் கையில் இருக்கும். எது வராது என்று பயப்படுகிறீர்களோ அதைச் சோதியுங்கள். இரண்டாவது, சோதனையை மெருகேற்றத் தொடங்குவது. அது குப்பைக்குப் போகப் பிறந்தது. போகட்டும்.

3. ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள்

சோதனை முடிந்த சூட்டோடு இதை எழுதுங்கள். ஒரே பக்கம், கையெழுத்திலேயே போதும். அதில் இருக்க வேண்டியவை:

- என்ன செய்கிறேன், ஒரே வாக்கியத்தில்
- யாருக்காக
- முடிந்ததும் எந்த வடிவில், எந்த அளவில் இருக்கும் (எத்தனை சொல், எத்தனை நிமிடம், எத்தனை செ.மீ.)
- முதல் படியில் வட்டம் போட்ட இடங்கள், அவை வரும் வரிசையில்
- முடிக்கும் தேதி
- இதில் என்ன இருக்காது

கடைசி வரிதான் அதிகம் உதைக்கும், அதிகம் உதவவும் செய்யும். "பாடல் கிடையாது." "இரவுக் காட்சி கிடையாது." "மூன்று நிறத்துக்கு மேல் கிடையாது." வேலை நடுவில் புத்திசாலித்தனமான யோசனைகள் வரிசையில் வந்து நிற்கும், வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க இந்த வரி வேண்டும்.

இதற்கு மேல் ஆவணம் தேவையா என்பது வேலையைப் பொறுத்தது. இன்னொருவர் உங்களோடு வேலை செய்கிறார் என்றால் தேவை. அவருக்கு உங்கள் மண்டைக்குள் இருப்பது தெரியாது. குறும்படத்துக்குத் திரைக்கதை, ஷாட் லிஸ்ட் (எடுக்க வேண்டிய ஷாட்களின் பட்டியல்), யார் எப்போது வரவேண்டும் என்ற பட்டியல் மூன்றும் வேண்டும். தனியாக எழுதும் நாவலுக்கு அத்தியாயத்துக்கு ஒரு வரி வீதம் ஒரு பட்டியல் போதும், அதுவும் மாறும். தையலுக்கு, துண்டுகளைத் துணியில் எப்படி அடுக்கி வெட்டப்போகிறீர்கள் என்ற வரைபடம் வேண்டும். கோடு போட்ட துணியாக இருந்தால் கோடுகள் பொருந்துவதற்குக் கூடுதல் துணி பிடிக்கும், அதை வெட்டுமேசையில் கண்டுபிடித்துப் பயனில்லை.

திட்டமிடுவதற்கென்றே ஒரு செயலி, வண்ண வண்ணமாய் அட்டைகள், பிரிவுக்கொரு குறியீடு என்று போகத் தொடங்கினால் கையை எடுங்கள். வேலை செய்த களைப்பை அது கொடுத்துவிடும், வேலை மட்டும் நடந்திருக்காது.

4. செலவை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்

முதல் பத்தி: சோதனைக்கு இப்போதே வேண்டியது. இரண்டாவது: சோதனை தேறினால் வாங்க வேண்டியது. மூன்றாவது: இல்லாமலும் ஓடுவது. ஆசைப்பட்டு வாங்கும் கருவிகளில் பெரும்பாலானவை மூன்றாவதில்தான் போய் விழும். விலை உயர்ந்த கேமரா வாங்கியவர் ஒலிப்பதிவுக்கு மைக் இல்லாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்துபோவார்கள்.

சோதனைக்கு மலிவுப் பொருள் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. மரக்கூழ்த் தாளில் நீர்வண்ணம் உறிஞ்சப்படும் விதம் வேறு, பருத்தித் தாளில் வேறு. மலிவுத் தாளில் பழகிவிட்டு நல்ல தாளுக்குப் போனால் பழகியது பாதி உதவாது. இதற்கு வழி, நல்ல தாளில் ஒரே ஒரு தாள் வாங்கி எட்டுத் துண்டாக வெட்டிக்கொள்வது. அளவில் சிக்கனம் பிடியுங்கள், தன்மையில் வேண்டாம்.

எல்லோருடைய கணக்கிலும் விடுபடுவது முடிப்புச் செலவு. ஓவியத்துக்குச் சட்டம். புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்தம், மாதிரிப் பிரதி. படத்துக்கு ஒலிக் கலவை, இசை உரிமம், எழுத்துரு உரிமம், கூடுதல் ஹார்டு டிஸ்க். பணம் தீர்ந்துபோகும் நேரத்தில்தான் இவை வந்து நிற்கும். கையிலிருப்பதில் கால்பங்கைத் தொடாமல் இதற்கென்று ஒதுக்கிவிட்டு, மீதியை மட்டுமே பட்ஜெட் என்று நினைத்துக்கொள்வது என் வழக்கம். தொகுதி எண் உள்ள பொருள்கள், நூல், துணி, ஓடு, சுவர்த்தாள் போன்றவற்றில் ஒரு அலகு கூடுதலாகவே வாங்குங்கள். அந்தக் கூடுதல் செலவு ஊதாரித்தனமல்ல.

5. உரிமங்களும் அனுமதிகளும்: இதில் மட்டும் இறங்கிப் பார்க்காதீர்கள்

படைப்பு வேலையில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு அதிகம் அடிபடுவது இங்கேதான். ஒரு பாட்டுக்கு ஏற்ப எடிட்டிங் முடித்துவிட்டால், அந்தப் பாட்டை எடுக்கும்போது எடிட்டிங்கும் சேர்ந்து போகும்.

பாட்டு: பதிவு செய்த ஒரு பாட்டில் பொதுவாக இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒருவரிடம், அந்த ஒலிப்பதிவு இன்னொருவரிடம் இருக்கலாம். மெட்டு பழையது, உரிமைக்காலம் முடிந்தது என்பதற்காகப் போன வருடம் யாரோ பதிவு செய்ததை எடுத்துப் போட முடியாது. எழுத்துப் படைப்புகளுக்குப் பெர்ன் உடன்படிக்கை (பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) சொல்லும் குறைந்தபட்சக் காலம், எழுதியவர் இறந்தபின் 50 ஆண்டுகள். பல நாடுகளில் அது 60, 70 என்று நீளும். உங்கள் நாட்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இலவசம்" என்று கிடைப்பவை: படைத்தவரே நிபந்தனையோடு பிறருக்குப் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பல வகை உண்டு. பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது ஒன்று. வணிகத்துக்குக் கூடாது என்பது ஒன்று. மாற்றிப் பகிரக் கூடாது என்பது ஒன்று. இந்தக் கடைசி வகையில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. பாட்டில் ஒரு நொடியைக்கூட நீங்கள் வெட்டாமல் இருக்கலாம். ஆனாலும் அதை ஓடும் படத்தோடு ஒத்திசைத்துச் சேர்த்தாலே அந்த உரிமங்களின்படி அது மாற்றிய படைப்பு. ஆகவே "மாற்றக் கூடாது" வகைப் பாட்டை வீடியோவில் போட்டு வெளியிட முடியாது.

எழுத்துரு: பதிவிறக்கம் இலவசம் என்பதும், விற்கும் புத்தக அட்டையில் போடலாம் என்பதும் வெவ்வேறு. கூட வரும் உரிமக் கோப்பைத் திறந்து படியுங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம்தான்.

ஆட்கள்: நடிப்பவர், பேட்டி தருபவர், உங்களோடு சேர்ந்து எழுதுபவர் எல்லோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நண்பராக இருந்தால் அவசியம் வாங்குங்கள். யார் பெயர் எங்கே வரும், பணம் வந்தால் எப்படிப் பிரியும், நடுவில் ஒருவர் விலகினால் அவர் செய்த பகுதி யாருக்கு என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் போதும்.

இவை அனைத்தையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். உரிமம் காட்டிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்த தேதியும் கூடவே இருக்கட்டும். பிற்பாடு அந்தப் பக்கமே மாறியிருக்கலாம்.

6. காலக்கணக்கு: காத்திருப்பதை முதலில் எழுதுங்கள்

நாட்காட்டியில் முதலில் ஏற வேண்டியது உங்கள் வேலை நேரமல்ல, அவசரப்படுத்த முடியாத காத்திருப்புகள். மண்பாண்டம் முழுவதுமாக உலராமல் சூளைக்குள் போனால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். எண்ணெய் ஓவியத்துக்குக் கடைசி வார்னிஷ் பூச வழக்கமாக ஆறு மாதமாவது காத்திருக்கச் சொல்வார்கள். அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வரவும் திருத்தம் போகவும் நாள் பிடிக்கும். பரிசளிக்க நாள் குறித்துவிட்டுச் செய்கிறவர்கள் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். தொடங்க வேண்டிய நாள் போன மாதமே கடந்திருந்தால் வேலையைச் சிறிதாக்குங்கள்.

இனி உங்கள் நேரம். தன் வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதன் குறைத்தே மதிப்பிடுகிறான் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். இதே மாதிரி வேலை முன்பு இழுத்தடித்தது என்று தெரிந்தும் இந்த முறை அப்படி ஆகாது என்று நம்புவோம். அதற்கு மருந்து, மனக்கணக்கை நம்பாமல் சோதனையில் அளந்த நேரத்தைப் பெருக்குவது. வரும் விடையையும் நான் ஒன்றரை மடங்காக்கிக்கொள்வேன்.

திட்டமிடுவதற்கும் ஒரு கெடு வையுங்கள். மொத்தக் காலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். 80,000 சொல் நாவலை நாளொன்றுக்கு 500 சொல் என்று எழுதினால் 160 நாட்கள். அதற்கு 16 நாள் திட்டம் தாராளம்.

7. எங்கே பூட்டுவது

முதல் படியில் வட்டம் போட்ட இடங்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பூட்டு உண்டு. அதற்கு முன் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம், பூட்டியபின் கிடையாது. படத்தில், காட்சிகளின் நீளம் இறுதியான பிறகே பின்னணி இசையும் ஒலிக் கலவையும். இரண்டு நொடியை வெட்டினால்கூட அதற்குப் பின்னுள்ள ஒலியெல்லாம் நகரும். புத்தகத்தில், எழுத்து இறுதியான பிறகே பக்க வடிவமைப்பு. பக்க எண்ணிக்கை இறுதியான பிறகே அட்டை. அட்டையின் முதுகு அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் தடிமனையும் பொறுத்தது. தாள்களை மடித்து நடுவில் பின் அடிக்கும் சிறுநூலானால் பக்கங்கள் நான்கின் மடங்கில் வர வேண்டும். 30 பக்கம் எழுதி வைத்திருந்தால் இரண்டைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டும். மண் ஜாடிக்கு மூடி வேண்டுமென்றால் அதே மண்ணில், அதே நாளில் இரண்டையும் செய்யுங்கள். உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். சுட்ட ஜாடிக்கு ஈர மண்ணில் மூடி அளந்தால் பொருந்தாது.

பூட்டுகளுக்கு இடையில் ஒரே ஒரு விதி: புது யோசனை வந்தால் தனித்தாளில் எழுதிவைத்துவிட்டு அன்றைய வேலையைத் தொடருங்கள். அடுத்த பூட்டுக்கு முன் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பாதி யோசனைகள் தாமாகவே வாடியிருக்கும். வாடாமல் நிற்பவை திட்டத்தைவிட நல்லவையாக இருந்தால் திட்டத்தைத் திருத்துங்கள். அதற்காகத்தானே ஒரே பக்கத்தில் எழுதினோம், திருத்தக் கை கூசாது.

8. நடுவில் நிறுத்த வேண்டி வந்தால்

வரும். நிறுத்தும் நாளன்று கால்மணி நேரம் செலவழித்து ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்: எந்த ஊசி அளவு, எந்த நூல் தொகுதி எண், எந்த வரிசையில் நிற்கிறது, எந்த இரண்டு வண்ணங்களை எந்த அளவில் கலந்தீர்கள், அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை என்ன. கணினி வேலையானால் கோப்பின் பெயரில் "ஃபைனல்" என்று போடாமல் தேதியைப் போட்டு, இரண்டு வேறு இடங்களில் பிரதி எடுத்துவையுங்கள். கைவேலையானால் குறிப்பைப் பொருளோடு சேர்த்தே கட்டிவையுங்கள். தனியாக வைத்த குறிப்பு தேவைப்படும் நாளில் கிடைக்காது.